வெட்டாத படம்

அந்த நாற்காலி ஆடும் சார், இதுல உக்காருங்க. உங்க பறவைப் பதிவுக் குழுவுக்குப் படத்த அனுப்புனது நான் இல்ல, என் தங்கச்சி. பறவைய மட்டும் வெட்டியெடுத்து சுவத்துல மாட்டியிருக்கு பாருங்க, அதத்தான் அனுப்பிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

ஸ்குவாதான், சந்தேகமே வேணாம். இறக்கையில அந்த வெள்ளைத் திட்டு தெரியுதா? நெஞ்சப் பாருங்க, பீப்பாய் மாதிரி. தென்கோடிப் பனிக்கடல்ல இருந்து வர்றது, நம்ம பக்கம் தப்பித் தவறித்தான் வரும். திருட்டுப் பய பறவை சார். ஒரு ஆலாப் பறவையத் தொரத்துச்சு, தின்ன மீனக் கக்குற வரைக்கும் விடல.

மொதல்ல பாத்தது நானா? இல்ல, மாப்பிள்ளை. தங்கச்சி வீட்டுக்காரர். பறவைன்னா எங்க ரெண்டு பேருக்கும் சோறு தண்ணி வேணாம். சின்னப் படகு, வேற ஆள் இல்ல. எந்திரிச்சு நின்னு கை காட்டினாரு. அலை ஒண்ணு தூக்கிப் போட்டுச்சு. அவ்வளவுதான்.

ஆமா, அவர் போயி பத்து மாசமாச்சு. மெதுவாப் பேசுங்க, உள்ளதான் இருக்கா. அவர் கடைசியாப் பாத்தத எனக்குக் குடுண்ணான்னு கேட்டு வாங்கி மாட்டினா. தினம் அந்தக் கண்ணாடியத் தொடைக்கிறா. நான் அந்தப் பக்கம் திரும்பறதேயில்ல. மொதல்ல பாத்தவர்னு உங்க பட்டியல்ல அவர் பேரு வரணுமாம். அதுக்காகத்தான் உசுர வச்சிட்டிருக்கா.

வெட்டாத முழுப் படமா? கேப்பீங்கன்னு தெரியும். குடுக்கலேன்னா? தள்ளுபடியா? தள்ளிடுங்க சார். சாதாக் கடற்காகம்னு எழுதிட்டுப் போங்க. அழுவா, அழட்டும். அழுதா ஆறிடும்.

அய்யோ, பொய்ப் படம் இல்ல சார். அவர் பேர்ல பொய் சொல்லுவேனா? சரி, இந்தாங்க கேமரா. நீங்களே பாருங்க, என்னால முடியாது. கண்ண மூடினாலே அதுதான் வந்து நிக்குது.

பறவைய விடுங்க சார். கீழ, இடது மூலையில. ஆமா, கைதான்.

விழுந்தவர் மேல வரவேயில்ல, கல்லு மாதிரிப் போயிட்டாருன்னு இவகிட்ட சொல்லியிருக்கேன். கூப்பிட்டாரு சார். காதுல நல்லா விழுந்துச்சு. நீச்சல் தெரிஞ்ச மனுசன்தானே, ஒரு நிமிஷம் மாப்பிள்ளை, பறவை போயிடும்னு சொன்னேன்.

இது நாலாவது படம். தள்ளிப் பாருங்க, இன்னும் மூணு இருக்கு. கடைசிப் படத்துல மட்டுந்தான் கை இல்ல.