மீன்காரம்மாவின் மாமனார்

என் மாமனாருக்கு டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும், சார். இல்லையென்றால் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்துவிடுவார். அதைப் பக்குவமாகப் போடத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். அவர் மகனுக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது.

நீங்கள் நினைப்பதுபோல் எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இல்லை. நான் மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள் என்பதால் "மீன்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார். நான் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மீன்காரம்மா, இன்னைக்கு எத்தனை பேர் நெஞ்சைக் கிழிச்சே?" என்பார். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். மிக்சி நின்றாலும் கடிகாரம் நின்றாலும் கழற்றிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் என் வேலை அவருக்குச் சட்டென்று புரிந்தது.

வயதான ஆண்கள் சிலருக்கு இதயத்தில் அடிபட்டால் தழும்பு கட்டி இறுகிவிடுகிறது. காரணம் என்று நாங்கள் சந்தேகப்பட்ட ஒரு மரபணுவை, விரல் நீள மீன்களில் மாற்றினோம். சாதாரண மீனுக்கு இதயக் காயம் தானாக ஆறிவிடும். நாங்கள் மாற்றியவற்றுக்கு ஆறவில்லை. பிறகு என் மருந்தைக் கொடுத்தேன். அழகாக ஆறியது.

"ஆறிடுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?" என்று மாமா கேட்டார்.

"மீனைத் தூங்க வெச்சு, இதயத்தை எடுத்துப் பாப்போம், மாமா."

"அதுவும் நியாயந்தான். கழட்டிப் பாக்காம என்னத்தைச் சொல்றது?"

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். அனுமதி தரும் குழு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டு இழுத்தடித்தது. நான் வீட்டில் புலம்பினேன். "இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? என்னைத் தூக்கி அந்தத் தொட்டியில போடு" என்றார் மாமா. விளையாட்டுக்குச் சொன்னார் என்கிறார் என் கணவர். எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது.

ஒரே சிக்கல், மாமாவின் இதயம் இரும்பு போல இருந்தது. மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவுவார். காயமே இல்லாத இடத்தில் எதை ஆற்றுவது? ஆய்வகத்திலும் முதலில் காயப்படுத்திவிட்டுத்தான் மருந்து கொடுப்போம். அதனால் டீயில் நான் முதலில் கலந்தது மருந்து அல்ல.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். இதயத்தில் ஒரு பக்கம் தழும்பு விழுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் போன உயிர் வந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து டீயில் என் மருந்து. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "இவ மருமக இல்ல, நான் பெறாத மக. இவ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, சார்.

ஸ்கேனில் தழும்பு சுருங்கியிருந்தது. வீடே சிரித்தது. மாமா மறுபடி படி தாவினார். ஆனால் ஸ்கேன் நிழலைத்தான் காட்டும். நிழலை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய் நிற்பது? அப்படியே விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். விட்டிருந்தால் உள்ளே நிஜமாக ஆறியது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அன்று ஞாயிற்றுக்கிழமை. மீன்களுக்குப் போடும் தூக்க மருந்து கசக்கும் என்பதால் சர்க்கரையை அள்ளிப் போட்டேன்.

"என்னம்மா, பாகு காய்ச்சிட்டியா?"

"உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான், மாமா."

முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். வலி கொஞ்சமும் இருந்திருக்காது.

"அப்பாவைக் கிழிக்க வேண்டாம், அப்படியே எடுத்துடலாம்" என்று என் கணவர் கதறினார். கேட்டிருந்தால் இந்நேரம் நான் வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்யாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சாவில் சந்தேகம் இருக்கிறது என்று உங்களுக்குப் போன் செய்தது நான்தான், சார்.

நேற்று நீங்களே வந்து சொன்னீர்கள், டாக்டர் தேடித் தேடிப் பார்த்தும் இதயத்தில் தழும்பே தென்படவில்லை என்று. அதற்குப் பிறகு நான் எதை மறைக்க? ஆமாம், அவரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் மாமா மட்டும் இப்போது உயிரோடு இருந்திருந்தால், என் மீன்காரம்மா ஜெயித்துவிட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்.