ஆளில்லாத ஊருக்கு இரண்டு எம்.பி.

லோசானுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் கையில் அயர்லாந்துச் சரித்திரப் புத்தகம். கணவரின் மடியில் ஒரு பெட்டி நிறைய உளுந்து வடை.

“அயர்லாந்திலை முந்தி ஒரு ஊர். அங்கை ஒரு வீடும் இல்லையாம். ஆனா பாராளுமன்றத்துக்கு ரெண்டு பேர் போயிருக்கினம்,” என்றார் மனைவி.

“அப்ப வோட்டுப் போட்டது ஆர்?”

“வெளியூரிலை இருந்த ஒரு பன்னிரண்டு பேர். எல்லாரும் ஒரு பிரபுவின்ரை ஆக்கள். அவர் பேரைச் சொல்ல, இவை ஓமெண்டு கையைத் தூக்குவினம்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“டப்ளின் பாராளுமன்றத்தை மூடி லண்டனோடை சேர்க்கும் வரைக்கும். அதோடை அந்தத் தொகுதியும் போச்சு. கவலைப்பட அங்கை ஆளில்லை.”

கணவர் பெட்டியை மற்ற முழங்காலுக்கு மாற்றினார்.

“இண்டைக்கு லோசானிலை எங்கடை ஊர்ச் சங்கத்துக்கும் தலைவர் தெரிவு. திரும்பவும் உம்மடை அண்ணைதான்.”

“அங்கை ஊரிலை இப்ப ஆர் இருக்கினம்?”

“கோயில் ஐயர். அவரும் பூசை முடியப் பக்கத்து ஊருக்குப் போயிடுவார்.”

“கூட்டத்துக்கு எத்தினை பேர் வருவினம்?”

அவர் விரல்விட்டு எண்ணினார். “எங்கடை குடும்பமும் அண்ணையின்ரை குடும்பமும்தான். பன்னிரண்டு.”

இருவரும் சிரித்தார்கள்.

“இந்த முறை நான் நிண்டா, நீர் ஆருக்குக் கை தூக்குவீர்? எனக்கோ, அண்ணைக்கோ?”

மனைவி புத்தகத்தை மூடினார்.

“ஒவ்வொரு வருசமும் வடை சுடுறது நான். இந்த முறை நானே நிக்கிறன். நீங்களும் அண்ணையும் எனக்குத் தூக்குங்கோ.”

“அப்ப அடுத்த வருசம் வடை?”

“முன்னாள் தலைவர் சுடட்டும்.”