எதிர் நாற்காலி

பேசாதீங்க சார், பேசாதீங்க. தாடைக்கு இப்பத்தான் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. அசைஞ்சா மறுபடி பிரிச்சு மேய்வோம்னு நர்ஸம்மா மிரட்டிட்டுப் போறாங்க. உங்ககிட்ட ஆராய்ச்சிக்குச் சேந்து மூணு வருஷமா நீங்க பேசி நான் கேட்டேன்ல, இன்னைக்கு ஒரு நாள் நான் பேசுறேன்.

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பேராசிரியராம். தொழிலாளர் சட்டத்துல புலியாம். காலையில காலேஜ்ல மனிதவளப் பாடம், சாயங்காலம் கம்பெனிகளுக்கு ஆலோசனை. ஆளை வேலையவிட்டுத் தூக்கணுமா, முதல்ல எதிர் நாற்காலிய எடுத்துரும்பாராம். உக்காந்தவன் கேள்வி கேப்பான், நிக்கிறவன் கிளம்பிருவான். ரெண்டே வாக்கியம், கதை முடிஞ்சுது. சிரிக்காதீங்க சார், தையல் விட்டுரும்.

வேலைய விட்டுத் தூக்குறதை கிளாஸ்ல பசங்க நடிச்சுக் காட்டுறது சப்புன்னு இருக்கு, நிஜமா வேலை போன ஆளைக் கூட்டிட்டு வாடான்னு நீங்கதான் சொன்னீங்க. கூட்டிட்டு வந்தேன். தகடு அடிக்கிற மெஷின்ல முழங்கால் நொறுங்குன மனுஷன். அவரை வேலைய விட்டு எடுக்கச் சொல்லி கம்பெனிக்கு ஆலோசனை குடுத்ததே நீங்கதான். முகம் தெரியலையா? எப்படித் தெரியும், நீங்க ஃபைலத்தானே பாத்தீங்க. ஏன் எடுத்தீங்கன்னு ஒரே ஒரு தடவை கேக்கணும்னுதான் அவரும் வந்தார்.

நிக்க முடியாதேன்னு நாற்காலி போட்டது நான். பாருங்க பசங்களா, இதான் முதல் தப்புன்னு சொல்லி நீங்க விட்டீங்களே ஒரு உதை! நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அந்தக் கால் மடங்குன சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. நடிப்புன்னு நினைச்சு கிளாஸே சிரிச்சுது. கீழ கெடந்துக்கிட்டே, சார், ஒரு வார்த்தை பேசலாமான்னு கேட்டார். பதில் சொல்றது பாடத்துல இல்லன்னீங்க.

அப்புறந்தான் அதே நாற்காலியத் தூக்கினார். முதல் அடியில பல்லு. ரெண்டாவதுல தாடை. மூணாவதுக்கு நானும் அட்டெண்டரும் கையப் புடிச்சுத் தொங்குனோம், எங்களையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்தார். கண்ணியமான பணிநீக்கம்னு போர்டுல தலைப்பு எழுதியிருந்தீங்கல்ல, அது மேல தெறிச்சது இன்னும் அப்படியே காஞ்சு கெடக்கு.

இன்ஸ்பெக்டர் வெளியில நிக்கிறார். அந்தாளு சும்மா பாய்ஞ்சு அடிச்சான்னு பசங்க எழுதிக் குடுத்துட்டாங்க. பாவம், மார்க் உங்க கையிலல்ல இருக்கு. நீங்களும் அதையே எழுதினா கொலை முயற்சிதான், மனுஷன் உள்ளயே கெடந்து மக்கிப் போவார். முதல்ல உதைச்சது நான்தான்னு ஒரு வரி எழுதினா வேற கேஸு. நான் பாத்ததை பாத்தபடி எழுதிக் குடுத்துட்டேன். என் ஆராய்ச்சியா? கிழிச்சுப் போடுங்க சார்.

என்ன அப்படி முறைக்கிறீங்க? எவனோ ஒருத்தனுக்காக இவன் ஏன் குதிக்கிறான்னா?

சரி சார், நேரமாச்சு. ஸ்டேஷன்ல எங்கப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கணும், இதுக்கு மேல போனா உள்ள விட மாட்டாங்க. நான் உக்காந்திருந்த இந்த நாற்காலி உங்க எதிர்லயே இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் உக்காந்து, கேக்க வேண்டியதை நிதானமா கேக்கட்டும்.

வரேன் சார்.