மறுப்பு வராவிட்டால் சம்மதம்

காது மந்தமானவர்களிடம் உரக்கப் பேசக் கூடாது. இதைப் பலர் அறியார். உரக்கப் பேசினால் ஓசைதான் பெருகும், சொல் விளங்காது. முகம் தெரியும்படி எதிரே அமர்ந்து, நிறுத்தி, நிதானமாகப் பேச வேண்டும். எங்கள் கடைக்குப் பெற்றோரை அழைத்து வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தம்பிக்கு வாய் வலித்ததுண்டு. நீங்களும் சற்று முன்பு உரக்கப் பேசினீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அமருங்கள். கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொல்கிறேன்.

மேசைமேல் மூன்று பொருள்களை வைத்திருக்கிறீர்கள். ஒன்று என் கைப்பேசி. மற்றொன்று என் தம்பியின் கைப்பேசி. மூன்றாவது, அவன் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்த கேட்புக் குழாய். மருத்துவர் மார்பில் வைத்துப் பார்க்கும் குழாயைப் போன்றதே அதுவும். இரு முனைகளையும் காதுகளில் செருகிக்கொண்டு, மறுமுனையைக் காதுக் கருவியோடு பொருத்தினால், கருவி ஒழுங்காகப் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். அது இல்லாமல் தம்பி எங்கும் போக மாட்டான்.

மூன்று விளம்பர நிறுவனங்களைப் பார்த்துவிட்டு ஏன் இந்த ஒன்றைத் தேர்ந்தேன் என்பதுதானே உங்கள் முதல் கேள்வி? சொல்கிறேன். அதற்கு முன் கடையின் அமைப்பை நீங்கள் அறிய வேண்டும்.

முன்னறை தம்பிக்குரியது. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், கண்ணாடி அலமாரி, பார்க்கிற சிறுவரெல்லாம் தொட்டுப் பார்க்கும் பெரிய பிளாஸ்டிக் காது ஒன்று. அதன் பின்னே பனி படர்ந்தாற்போன்ற கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அப்பால் நான். ஒவ்வொருவர் காதுக்கும் ஏற்ற அச்சை இழைத்துச் செய்வது என் வேலை. அச்சு காதில் இறுகப் பொருந்தினால்தான் கருவி வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஓசை வெளியே கசிந்து, மீண்டும் உள்ளே நுழைந்து, கீச்சென்று கத்தும். இந்த ஊரில் பலருடைய காதுகளை நான் அறிவேன். அவர்களுள் ஒருவருக்கும் என் முகம் தெரியாது. கடைக்குள் நுழைகிறவர்கள், "தம்பி இருக்காரா?" என்பார்கள். இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார்கள். நான் இருக்கிறேனா என்று எவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருந்ததில்லை. நான் எப்போதும் இருந்தேன்.

ஒரு நாள் தன் தாயாரை அழைத்து வந்த ஒருவர், நான் தட்டில் அச்சை வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது தம்பியிடம் சொன்னார்: "உங்க ஆளு ரொம்ப மந்தமா வேலை பாக்கறாரே. வேற ஆளு வெச்சுக்கலாமில்ல?" தம்பி ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தான். இவர் என் அண்ணன் என்று சொல்ல எத்தனை நொடி வேண்டும்?

அப்போது அவன் காதுகளில் இந்தக் குழாய் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அதை மாட்டியிருப்பவனுக்கு வெளிப்பேச்சு கேளாது என்பது உண்மை. கருவியின் ஓசை தெளிவாயிருந்தால் தனக்குத்தானே தலையசைத்துக்கொள்வது அவனுடைய பழக்கம் என்பதும் உண்மை. ஆனால் நான் பேசிக்கொண்டிருப்பது அவன் தலையசைத்ததைப் பற்றி.

இனி நிறுவனங்களுக்கு வருவோம். பெரிய சாலையில் வேறொரு கடை திறந்து, பகட்டான காணொளிகளைப் போட்டு எங்கள் வாடிக்கையாளரை ஈர்க்கத் தொடங்கியிருந்தது. "நாமும் ஒரு ஏஜென்சி வெச்சா என்ன?" என்று தம்பியின் மனைவிதான் முதலில் கேட்டாள். தம்பி அதை என்னிடம் தள்ளிவிட்டான்.

"அண்ணா, நீயே பாத்து முடிவு பண்ணு. இந்த லைக்கு, ஷேரு எல்லாம் எனக்கு ஒரு எழவும் புரியாது."

"நாளைக்கு ஏதாவது வம்பு வந்தா என்னைச் சொல்லக் கூடாது."

"உன்னை ஏன் சொல்லப்போறேன்? நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

இதை அவன் மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளை விசாரித்தால் மறுக்க மாட்டாள்.

முதல் நிறுவனத்தை ஓர் அம்மையார் நடத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். "வாடிக்கையாளர் படத்தைப் போடணும்னா அவங்க கையெழுத்து வேணும். ஒவ்வொரு பதிவுக்கும் நீங்க சரின்னு சொன்னாத்தான் வெளியே போகும். சொல்லலைன்னா அது கிடப்புலதான் கிடக்கும்" என்றார். மிக நல்ல நிறுவனம். உங்களுக்கு என்றேனும் தேவைப்பட்டால் அங்கே போங்கள்.

இரண்டாவது நிறுவனத்தார், குறை சொல்லி எழுதுகிறவர்களுக்குத் தாங்கள் பதிலே எழுதுவதில்லை என்றனர். "உடனே கடைக்கு போன் பண்ணிச் சொல்லிடுவோம். நீங்களே அவங்ககிட்ட பேசிடுங்க. அதுதான் மரியாதை." அதுவும் நல்ல நிறுவனமே. தம்பி பேசினால் எந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது இடத்தில் இருந்தவனை அலுவலகமே ‘வெடி’ என்று அழைத்தது. என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே தன் கைப்பேசியை நீட்டினான். செருப்பு கடிக்கிறது என்று ஒருவர் எழுதியதற்கு, ஒரு செருப்புக் கடையின் பெயரில் அவன் எழுதிய பதில் அதில் இருந்தது: "செருப்பு சாது சார். உங்க கால்தான் அதைக் கடிச்சிருக்கு." ஊரே அதைப் பகிர்ந்ததாம். நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு அற்றவன் என்று என்னை எண்ணிவிடாதீர்கள்.

"கடை பேசுற மாதிரி பேசக் கூடாது சார். தெருமுனையில பேசுற மாதிரி பேசணும். நாலு பேர் திட்டினாத்தான் நாப்பது பேர் எட்டிப் பாப்பான்."

"பதிவுகளுக்கு எங்கள் ஒப்புதல்?"

"வாட்ஸப் குரூப்புல போடுவேன். வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஒரு மணி நேரம் பாப்பேன். சத்தம் வரலைன்னா சரின்னு எடுத்துக்குவேன். எல்லாருக்கும் வேலை மிச்சம்."

ஒருவன் மறுக்கவில்லையெனில் ஒப்புக்கொண்டான் என்பதே பொருள். இந்த உலகத்தில் அதைப் புரிந்துகொண்ட மற்றொருவனை அன்று கண்டேன். அங்கேயே முடிவு செய்தேன்.

குழுவில் தம்பியைச் சேர்க்கவில்லை. அவனுக்கு வேலை அதிகம். பதில்கள் யாவும் அவன் பெயரிலேயே போகட்டும் என்றும் சொன்னேன். ஊருக்குத் தெரிந்த முகம் அவனுடையதுதானே.

தொடக்கத்தில் நாங்கள் எதிர்பார்த்தபடி ஒன்றும் நடக்கவில்லை. குறை சொல்ல எவரும் வரவில்லை. ‘தம்பி தங்கமானவர்’, ‘தம்பி கைபட்டாலே காது கேட்கும்’ என்று எழுதித் தள்ளினார்கள். வெடி சலித்துக்கொண்டான். "என்ன சார், ஒருத்தர்கூடவா திட்ட மாட்டாங்க? உங்க தம்பி என்ன சாமியாரா?"

பின்னர் ஒரு குறை வந்தது. நூலகராக இருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர், அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் தனியே வசிப்பவர், மிகவும் பணிவாக எழுதியிருந்தார். புதுக் கருவி கீச்சிடுகிறது, அதனால் பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுகிறேன், என்னால் படி இறங்கி வர இயலவில்லை, தம்பி ஒரு முறை வந்து பார்ப்பாரா? அதற்கு வெடி எழுதிய பதில் குழுவுக்கு வந்தது: "மெஷின் சும்மாதான் இருக்கு பாட்டிம்மா. நீங்க தொணதொணக்கறத நிறுத்தினா விசிலும் நின்னுடும். அக்கம்பக்கத்துல எல்லாரும் காதுல பஞ்சு வெச்சிருக்காங்களாமே?"

படித்தேன். கைப்பேசியைக் குப்புற வைத்துவிட்டு, கையிலிருந்த அச்சை இழைத்து முடித்தேன். நான் ஓர் எழுத்தும் எழுதவில்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை.

இந்த முறை ஊர் சிரிக்கவில்லை. இரவுக்குள் தம்பியின் படம் எங்கெங்கோ போய்விட்டது. காது கேளாத தாயை உடையவர்கள், தாத்தாவை இழந்தவர்கள், காதுக்கும் தாத்தாவுக்கும் தொடர்பே இல்லாதவர்கள் என எல்லாரும் திட்டினார்கள். இவன் காதை அறுக்க வேண்டும் என்று ஒருவர் எழுத, கத்தி என்னிடம் இருக்கிறது என்று மற்றொருவர் எழுதினார். காலையில் கடைக் கதவில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. தம்பியே துடைத்தான்.

"அண்ணா, இது யாரு எழுதினது? என் பேர்ல இருக்கு. நான் எழுதலையே."

"எனக்கும் தெரியலடா. கேக்கறேன்."

கேட்கவும் செய்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வெடியிடம் கேட்டேன். அவன் மகிழ்ச்சியாகவே இருந்தான்.

தம்பியின் மனைவி மட்டும் தடுப்பைத் தாண்டி என் மேசைக்கு வந்தாள். அவள் அதற்கு முன்பு அங்கே வந்ததில்லை. "மாமா, அந்தக் குரூப்புல நீங்கதானே இருக்கீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே" என்றாள். நான் கவனிக்கவில்லையம்மா என்றேன். அவள் என்னை நம்பவில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆனால் வாய் திறந்து மறுக்கவில்லை.

தம்பி அன்றே முடிவு செய்தான். "அந்தம்மாவ நேர்ல பாத்துக் கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு, மெஷினையும் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்துடறேன். அவங்களுக்குத்தானே வலிச்சிருக்கும். ஊர் என்ன வேணா சொல்லட்டும்." குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சிறிய அரம் ஒன்றை என்னிடம் கேட்டான். நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அவன் படியிறங்கியதும் வெடிக்குத் தெரிவித்தேன். நாம் அமர்த்திய நிறுவனத்திடம் எதையும் மறைக்கக் கூடாது. சற்று நேரத்தில் குழுவுக்கு அடுத்த பதிவு வந்தது. தம்பியின் படம், அந்த அம்மாளின் தெரு, கட்டடம், மாலை வேளை. "நேருக்கு நேர். மன்னிப்பா, மல்லுக்கட்டா? வாங்க, வந்து பாருங்க." அவன் கெடுதல் எண்ணி எழுதியிருக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்த தொழில் அதுதான். தம்பி நடந்து போகிறவன். வழியில் இன்னும் இருவருடைய வீடுகளில் கருவி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் தாராளமாக இருந்தது. நான் மின்கலம் மாற்ற வந்த ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அலமாரியைத் துடைத்தேன். அந்த ஒரு மணி நேரமும் கழிந்தது.

பின்பு தம்பி என்னை அழைத்தான். அந்த அழைப்பு இரண்டு கைப்பேசிகளிலும் இருப்பதால் நான் மறைக்க விரும்பவில்லை. தெருவில் கூட்டத்தைக் கண்டு, திரும்பிவிடட்டுமா என்று கேட்க அழைத்திருப்பான் என்பது என் ஊகம். மணி அடித்து முடியும்வரை திரையில் அவன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. நான் எடுக்காததை அவன் எப்படிப் புரிந்துகொண்டானோ, அறியேன்.

அதன்பின் நடந்தவற்றை நீங்களே என்னைவிட நன்கு அறிவீர்கள். அவன் மேல்தளம்வரை ஏறி அழைப்பு மணியை அடித்திருக்கிறான், கதவையும் தட்டியிருக்கிறான். கீச்சிடுவதால் அந்த அம்மாள் கருவியைக் கழற்றி வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவு திறக்காத அந்த நேரத்தில், கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டம் படியேறிவிட்டது. யார் தள்ளினார்கள் என்று நீங்கள் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாருடைய காணொளியிலும் அடுத்தவர் கைதான் தெரிகிறதாம். குறுகிய படிக்கட்டு. பின்புறமாக விழுந்தான்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று உண்டு. அந்த அம்மாளின் கருவி ஏன் கீச்சிட்டது? என் கை பிசகாது. வெடிக்குக் குறை ஒன்று தேவைப்பட்டது. தம்பியிடம் குறை இல்லை. எனவே அந்த அச்சில் மயிரிழை அளவு கூடுதலாக இழைத்தேன். அந்த அம்மாளைத் தேர்ந்தது, அவரால் படி இறங்க இயலாது என்பதை அறிந்துதான். கடைக்கு வர முடிந்தவர் என்றால் நேரே வந்துவிடுவார், எழுத மாட்டார். நிறுவனத்தைத் தேர்ந்ததைப்போலவே இதையும் ஆராய்ந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்திடுகிறேன்.

ஆனால் தம்பியைப் பற்றி நான் ஒரு தீச்சொல்கூடச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவன்மீது எனக்குப் பகை இருந்ததில்லை.

மறுநாள் காலையில் வெடி இரங்கல் பதிவு ஒன்றைக் குழுவுக்கு அனுப்பியிருந்தான். கடையின் முன்னறையில் எடுத்த பழைய படம். தம்பி நாற்காலியில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஆள் என்று சொல்ல முடியாதபடி ஒரு மங்கல் தெரிகிறது. வழக்கம்போல ஒரு மணி நேரம் பார்ப்பதாக எழுதியிருந்தான்.

அந்த ஒன்றுக்கு நான் உடனே பதில் எழுதினேன். என் கைப்பேசியில் நீங்களே பார்க்கலாம். பின்னால் நிற்பவர் அவருடைய அண்ணன், அவரைச் சற்றுத் தெளிவாகத் தெரியும்படி செய்து போடவும் என்று எழுதியிருக்கிறேன்.