வரைபடத்தில் இருக்கும் கதவு

டோல்னா ரகிட்டா நகரக் காவல் நிலையம். மே 15, புதன்கிழமை.

என் பெயர் ஸ்டாமென் வெல்கோவ் ட்ராகியெவ். வயது எழுபத்தொன்று. தொழில் கொத்து வேலை. இதே ஊரில் ஆலைத் தெரு ஒன்பதாம் எண் வீட்டில் தனியாக இருக்கிறேன். பள்ளியில் எட்டு வருடம் படித்தேன். கட்டட வரைபடம் படிக்கவும் சட்டம் படிக்கவும் நானாகக் கற்றுக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக விசாரணை அதிகாரி க்ராஸ்டேவ் சொன்னார். வேண்டாம் என்று காகிதத்தை வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன்.

நடந்த தவறு இதுதான். இருபத்துமூன்று குழந்தைகள் இருந்த ஒரே விடுதிக்கு நடுவில் சுவர் எழுப்பி, அதை இரண்டு சிறு இல்லங்கள் என்று அரசுக்குக் காட்டினார்கள். பதினொரு வயது ராய்னாவை ஒரு பக்கமும் அவளுடைய ஆறு வயதுத் தம்பி அசெனை மறு பக்கமும் வைத்தார்கள். அசெனால் நடக்க முடியாது, பேச முடியாது. அக்கா ஊட்டினால்தான் சாப்பிடுவான். சுவரைக் கட்டச் சொன்னவர் விடுதி இயக்குநர் பெங்கா யோர்தானோவா. கட்டியவன் நான். நேற்று அதில் வழி திறந்தவனும் நான்.

சென்ற வருடம் செப்டம்பர் மாதம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய விடுதிகளை மூட வேண்டும், குழந்தைகள் குடும்பம் போலச் சிறு வீடுகளில் வாழ வேண்டும், ஒரு வீட்டில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருப்பதாகவும், ஐரோப்பாவிலிருந்து உதவி வருவதாகவும் சொன்னார். அந்த உத்தரவில் குற்றம் இல்லை. நான் அந்த விடுதியில் முப்பது வருடமாகக் கூரையும் குழாயும் பழுது பார்த்தவன். எழுபது கட்டில்கள் ஒரே அறையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறு வீடு வேண்டும் என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து சரியாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் வீடு கட்ட வேண்டிய இடத்தில் சுவர் மட்டும் கட்டச் சொன்னார்கள்.

அதன் பிறகு வரைபடம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் இருபத்தைந்து சென்டிமீட்டர் கனத்தில் செங்கல் சுவர், அதில் தொண்ணூறு சென்டிமீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கதவு. தீயணைப்புத் துறைக்காகப் போட்ட கதவு அது. சுவருக்குப் பின்பக்கம் படுக்கையில் கிடக்கிற குழந்தைகள் பதினொரு பேர். அந்தப் பக்கத்துக்கு வேறு ஒரே ஒரு வாசல்தான், அதுவும் சமையலறை வழியாக. வேலை தொடங்கிய மூன்றாம் நாள் இயக்குநர் வந்து கதவு வேண்டாம், அதையும் செங்கல் வைத்து மூடிவிடுங்கள் என்றார். வரைபடத்தில் இருக்கிறதே என்று கேட்டேன்.

"கதவு வெச்சா உள்ளுக்குள்ள போய் வரலாம், அப்போ ஒரே வீடுன்னு எழுதிடுவாங்க மேஸ்திரி. வரைபடம் தீயணைப்புக்காரங்களுக்கு. சுவர் குழந்தைகள் துறைக்கு."

தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"இந்த வீட்ல சூப்பே ஆறித்தான் மேசைக்கு வருது. தீ எங்கேருந்து வரும்?"

கூட இருந்த எழுத்தர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதுகிறேன். அதன் பிறகு செங்கல் வைத்தேன்.

எட்டு நாள் வேலை. எட்டு நாளும் ராய்னா பள்ளி விட்டு வந்ததும் தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். கைக்குத் தண்ணீர் கேட்டால் கொண்டு வருவாள், வேறு பேச்சு இல்லை. ஏழாம் நாள் சுவர் அவள் தலைக்கு மேல் போனபோது, தம்பி கட்டில் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டாள். இயக்குநரைக் கேள் என்றேன்.

"கேட்டேன் தாத்தா. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். படுக்கைக் குழந்தைகள் எல்லோரும் பின்பக்கம் என்று பட்டியலைப் பார்த்திருந்தேன். அதன் பிறகு சுவரைக் கூரை வரை முடித்து, இரண்டு பக்கமும் பூசி, வரைபடத்தின்படி வேலை முடிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். இயக்குநரும் போட்டார். நகராட்சிப் பொறியாளர் வந்து பார்க்காமலேயே போட்டார். முன்பக்கத்துக்குச் சூரியகாந்தி என்றும் பின்பக்கத்துக்கு வானவில் என்றும் பெயர்ப்பலகை வைத்து, ரிப்பன் வெட்டி, பனித்ஸா என்கிற பாலாடைக்கட்டி அடை சுட்டுக் கொடுத்தார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் மாதம் வானவில் பக்கத்தில் பூச்சு ஈரமாகிறது என்று மறுபடி கூப்பிட்டார்கள். போனேன். அசென் கட்டிலில் கிடந்தான். அவன் கையில் போட்டிருந்த கம்பளி வளையம் முழங்கை வரை ஏறி நின்றது. செப்டம்பரில் அது மணிக்கட்டிலேயே இறுக்கமாக இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோயங்காவிடம் கேட்டேன். தயிர் கொடுத்தால் துப்புகிறான், ரவைக் கஞ்சி கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறான், பத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டி முடித்து அவனிடம் வருவதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது என்றாள். ராய்னா வந்து ஊட்டலாமே என்றேன். ஒரு வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் இந்த இயக்குநர் அந்த இயக்குநருக்கு விண்ணப்பம் அனுப்பிப் பதில் வாங்க வேண்டும், வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் என்று சொன்னாள். இரண்டு வீட்டுக்கும் இயக்குநர் யார் என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் இந்தம்மாதான். தனக்குத்தானே கடிதம் எழுதணும், தானே பதிலும் போடணும். ஆனா பதில் போட நேரமில்லையாம்."

அன்றைக்கு நான் பூச்சு வேலை செய்யவில்லை. சூரியகாந்தியின் வாசலிலிருந்து வெளியே தெருவுக்கு வந்து, மதிலைச் சுற்றி, சமையலறை வழியாக வானவில்லின் சாப்பாட்டு மேசை வரை நடந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. சுவர் இல்லாதபோது ஆறு காலடி.

அதன் பிறகு நூலகத்தில் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தை வாங்கி நான்கு நாள் படித்தேன். புரியாத வரிகளை மூன்று முறை படித்தேன். கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதும், பத்து வயது நிறைந்த பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும்முன் அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இதைக் காட்டி இயக்குநரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோப்பை எடுத்துக் காட்டினார். ஒரே முகவரி, ஆகவே உடன்பிறந்தவர்கள் பிரிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார். எண்ணிக்கை கேட்டால் இரண்டு வீடு, உடன்பிறப்பைக் கேட்டால் ஒரே வீடு. ராய்னாவைக் கேட்டீர்களா என்றேன். அவள் அமைதியான பெண், எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்றார்.

நகராட்சிக்கும் மாவட்டக் குழந்தைகள் அலுவலகத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் மூன்று கடிதம் எழுதினேன். உரிய அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளோம் என்று மூன்று பதில் வந்தது. மூன்று பதிலிலும் உரிய அலுவலகம் என்று இருந்தது மற்ற இரண்டில் ஒன்று. நான்காவது கடிதம் எழுதவில்லை.

நேற்று, மே 14, காலை பதினொரு மணிக்குத் தலைநகரிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். ஏழரை மணிக்குக் கருவிகளுடன் போனேன். பூச்சு வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதால்தான் ஸ்டோயங்கா உள்ளே விட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை. குழந்தைகளை எல்லாம் முற்றத்துக்கு அனுப்பச் சொன்னேன், தூசி வரும் என்று. அது பொய்யில்லை. அதன் பிறகு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அதில் கதவு எங்கே வரைந்திருக்கிறதோ அங்கே கோடு போட்டு, தொண்ணூறுக்கு இருநூறு அளவில் மட்டும் வெட்டினேன். ஒரு செங்கல்கூட அந்தக் கோட்டைத் தாண்டி எடுக்கவில்லை. என் மீதான குற்றச்சாட்டில் சுவரைச் சேதப்படுத்தினேன் என்று அதிகாரி எழுதியிருந்தார். திறந்தேன் என்று திருத்தச் சொன்னேன். திருத்த மறுத்ததால் இங்கே எழுதுகிறேன். அரசுத் தாளின்படி அந்த இடத்தில் செங்கலே கிடையாது. இல்லாத செங்கலை எப்படிச் சேதப்படுத்துவது?

பத்தே முக்கால் மணிக்கு வேலை முடிந்தது. தூசியைக் கூட்டியதும் ஸ்டோயங்கா பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தாள். உடனே ராய்னா ஒரு கிண்ணத்தில் பயறு சூப்புடன் வந்து, என்னைத் தாண்டி, உள்ளே போனாள். தம்பியைத் தூக்கி மடியில் வைத்து ஊட்டத் தொடங்கினாள். அவன் கிண்ணம் முழுவதும் சாப்பிட்டான். அவள் மறுபடி போய் இன்னொரு கிண்ணம் கொண்டு வந்தாள். பள்ளிக்குப் போகவில்லையா என்று கேட்டேன். போகவில்லை, சுவரில் கோடு போடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன் என்றாள்.

பதினொன்றேகாலுக்குக் குழு வந்தது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவரும் உடன் வந்தார். அக்கா தம்பிக்கு ஊட்டுவதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். மிகவும் அழகாக இருக்கிறது என்று அவர் சொல்வதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நேற்று வரை இங்கே சுவர் இருந்தது, இந்தக் கிழவன் உடைத்துவிட்டான் என்று இயக்குநர் குழுத் தலைவியிடம் சொன்னார். நான் முன்னால் போய், உடைக்கவில்லை, வரைபடத்திலேயே கதவு இருக்கிறது என்று தாளைத் தலைவியின் கையில் கொடுத்தேன். அவர் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்போ ஆரம்பத்துலேருந்தே இது ஒரே வீடுதான். இருபத்துமூணு பேர். அனுமதிச்ச அளவுக்கு மேல."

அதன் பிறகு அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதினார். வானவில்லில் உள்ள பதினொரு பேரையும் வேறு ஊர்களில் இடமிருக்கும் இல்லங்களுக்கு மாற்ற வேண்டும். அசெனுக்கு இடம் இருப்பது நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி. மே 22, அடுத்த புதன்கிழமை வண்டி வரும். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தவன் நான். சுவர் இருந்தபோது அவர்களுக்கு நடுவில் இருபத்தைந்து சென்டிமீட்டர் இருந்தது.

ராய்னா கடைசிக் கரண்டியை ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள்.

"தாத்தா, திரும்ப அடைச்சிடுங்க. நான் சுத்தியே போய்க்கிறேன்."

அவள் சொன்னபடி செய்யக் கையில் செங்கலை எடுத்தேன் என்பதும் உண்மை. அப்போது இயக்குநர் கூப்பிட்ட காவலர் வந்து என்னை அழைத்துப் போனார்.

நேற்று மதியத்திலிருந்து இந்த அறையில் இருக்கிறேன். சன்னல் உண்டு, திறக்காது. அதிகாரி க்ராஸ்டேவ் நல்ல பிள்ளை, அவருடைய அப்பா வீட்டுப் புகைபோக்கியை நான்தான் கட்டினேன். இன்று காலை காபி வாங்கிக் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"பெரியவரே, வயசாச்சு, புத்தி தடுமாறிப் பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. இயக்குநரம்மா வழக்கை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம். சுவரைக் கட்டிட்டா ரெண்டு வீடு ஆயிடும், பையனும் போக வேண்டியதில்ல. எல்லாருக்கும் நல்லது."

இரவு முழுவதும் நானும் அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரி எழுதினால் அசென் இந்த ஊரில் இருப்பான், சுவருக்குப் பின்னால், ஒரே வாசலுடன், சாப்பிடாமல். எழுதாவிட்டால் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளிப் போவான், அங்கேயும் சாப்பிடாமல். இரண்டு பக்கமும் அடைத்துத்தான் இருக்கிறது. எனக்குப் புத்தி தடுமாறவில்லை. தடுமாறியது செப்டம்பரில், செங்கல் வைத்தபோது. வேலை முடிந்தது என்ற பொய்த் தாளில் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னிடம் கேட்பது தவறு. தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவளை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது: அதிகாரி க்ராஸ்டேவ் இந்த வாக்குமூலத்தையும் வரைபடத்தையும் வேலை முடிந்த தாளையும் ஒன்றாகத் தைத்து இன்றே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும், தனித்தனியாக அல்ல. 22ஆம் தேதி வண்டியை நீதிபதி நிறுத்த வேண்டும். நீதிபதி ராய்னாவைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அப்போது இயக்குநர் அந்த அறையில் இருக்கக் கூடாது. அவள் உடனே பேச மாட்டாள், காத்திருக்க வேண்டும். பேசியதை அவள் சொன்னபடியே எழுத வேண்டும், அமைதியான பெண் என்று எழுதி முடிக்கக் கூடாது. தீயணைப்புத் துறை நேரில் வந்து பதினொரு பிள்ளைகளையும் அந்த ஒரு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்து காட்ட வேண்டும், கடிகாரம் வைத்துக்கொண்டு. இரண்டு வீட்டுக்கு உதவி வாங்கிய நகராட்சி இரண்டாவது வீட்டைக் கட்ட வேண்டும், இதே தெருவில், அக்காவும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி. ஆய்வுக் குழுத் தலைவி எண்ணிக்கையைச் சரியாக எழுதியதுபோல் அந்தப் பிள்ளைகளின் பெயர்களையும் எழுத வேண்டும். அதுவரை, யார் உத்தரவிட்டாலும், அந்த வழியைச் செங்கல் வைத்து மூடக் கூடாது. மூடித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு உத்தரவு தரட்டும், அந்தத் தாளை ராய்னாவிடம் அவரே படித்துக் காட்டட்டும்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல், கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதியிருக்கிறேன். மூன்று முறை படித்துப் பார்த்தேன். மாற்ற எதுவும் இல்லை.

ஸ்டா. வெ. ட்ராகியெவ்