பிரிக்கத் தெரிந்தவள்

சேலத்துப் பக்கம் எங்கள் இளம்பிள்ளை ஊர் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னப் பழகுகிறவளுக்குக் கொஞ்சமாவது கிறுக்கு இருக்க வேண்டும். எனக்கு இருந்தது. நூல் கையில் ஒட்டும், வேர்வை நூலில் ஒட்டும், கடைசியில் எது நூல் எது விரல் என்றே தெரியாது.

ஸ்வெட்டர்களைக் கவரில் போட்டது யார் என்று கேட்டீர்கள், சாரதாமணியம்மா. மகளிர் குழுவுக்குத் தலைவி, கேட்க வேண்டியவர்தான். வாயால் சொன்னால் தெருவே கேட்கும். இத்தனை வருடம் விசைத்தறியோடு நின்றவளுக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே கோகிலவாணிதான். பிழை இருந்தால் அதுவும் அவள் கணக்கில் சேரட்டும்.

கோகிலவாணி என் பக்கத்துத் தறியில் நின்றவள். நல்ல பிள்ளை, ஆனால் தறிக்கு லாயக்கில்லை. அறுந்த இழைக்கு அவள் முடிச்சுப் போட்டால் அடுத்த நிமிஷமே அவிழும். அப்படிப்பட்டவள் செல்போனைப் பார்த்து உல்லன் பின்னக் கற்று, ஏற்காட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் குழந்தை ஸ்வெட்டருக்கு ஆர்டர் பிடித்து, தறியை விட்டே போய்விட்டாள். வகுப்பும் ஆரம்பித்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

"நீங்களும் வந்துருங்கக்கா. இந்தச் சத்தத்துல நின்னா காது முழுசாப் போயிரும்."

ஒரு காது ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருப்பதையாவது காப்பாற்றிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான் நானும் போனேன்.

தறியில் நூல் தொய்யக் கூடாது. தொய்ந்தால் முதலாளி வைவார். ஊசியில் நூல் இறுகக் கூடாதாம். இறுகினால் கோகிலவாணி சிரிப்பாள். என் கை யார் பேச்சைக் கேட்கும்? வளையம் ஒன்று நழுவினால் மற்றப் பெண்கள் ஊசியால் நோண்டி எடுப்பார்கள். என் விரல் அதற்குள் முடிச்சே போட்டிருக்கும். தறிக்காரி முடிச்சு, பல்லால் இழுத்தாலும் வராது.

"பிரிச்சிருங்கக்கா, மறுக்கா ஆரம்பிக்கலாம்" என்பாள். கோபமே படாமல் சொல்வாள். அதைத்தான் தாங்க முடியாது. பிரித்தேன், பின்னினேன், மறுபடி பிரித்தேன். பின்ன வராவிட்டாலும் பிரிப்பதில் என்னை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை.

ஒருவழியாக ஒரு குல்லா முடித்தேன். ஆர்டரோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், அது அசையவில்லை. குழந்தை தலைக்கு ஏறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் என் வீட்டுக்காரர் பச்சமுத்து அதைத் தண்ணீர்ச் சொம்புக்கு மாட்டிப் பார்த்து, "இனிச் சொம்புக்குச் சளி புடிக்காது" என்றார்.

மறுநாள் கோகிலவாணி எனக்கென்று யோசித்து ஒரு வேலை வைத்திருந்தாள். ஸ்வெட்டர்களை மடித்துக் கவரில் போடுகிற வேலை. "பின்ன வரலீனா என்னங்கக்கா, நீங்களும் எங்ககூட இருக்கோணும்" என்றாள். நல்ல மனசு. அந்த நல்ல மனசை நான் மறக்கவில்லை.

பின்னி முடிக்கிற இடத்தில் நூலைச் சின்ன முடிச்சில் நிறுத்துவாள். குழந்தை உடம்பில் உறுத்தக் கூடாது என்று பூப்போல முடிவாள். தறிக்காரி இடுப்பில் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி எப்போதும் இருக்கும். மடிக்கும்போது அந்த முடிச்சை வெட்டி, நுனியை இரண்டு வளையம் உருவிவிட்டேன். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். ஒன்றை மட்டும் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும்.

ஏற்காட்டில் படகு ஏறுகிற இடத்தில் ஒரு குழந்தையின் ஸ்வெட்டர் நூல் கம்பியில் மாட்டிக்கொண்டதாம். படகு ஏரியைச் சுற்றி வருவதற்குள் குழந்தை வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்ததாம். கேட்டு நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. குளிரில் அதற்குக் காய்ச்சல் கண்டது என்றும் சொன்னார்கள். அதை நான் விசாரிக்கவில்லை. கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். ஆர்டர் போனது, வகுப்பும் நின்றது.

என் முடிச்சாக இருந்திருந்தால் கத்திரி முனை உள்ளேயே நுழைந்திருக்காது. குறை யாரிடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது கோகிலவாணி பழையபடி என் பக்கத்துத் தறிக்கே வந்துவிட்டாள். அழுதாள், நான்தான் தேற்றினேன். அவள் தறியில் இழை அறுந்தால் என் தறியை நிறுத்திவிட்டு ஓடுகிறேன். "இறுக்கி முடியோணும் சாமி" என்று சொல்லித்தருகிறேன். கோபமே படுவதில்லை. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லீனா நான் என்னங்கக்கா பண்ணுவேன்" என்றாள். சத்தத்தில் காதில் விழவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

கெடுதல் நினைக்கிறவள் இப்படி ஓடிப்போய் நிற்பாளா? அவள் தறியில் இழை முன்னைவிட அடிக்கடி அறுகிறது என்பது உண்மைதான். அவள் சோறு தின்னப் போகிற நேரத்தில் என் கத்திரி சும்மா இருப்பதில்லை. அவளுக்குச் சொல்லித்தர எனக்கும் ஏதாவது வேண்டுமல்லவா.