கோடியை அடைத்த மூட்டைகள்

ஓடுகிறோம். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. செம்மண் நிறம். "சர்ச் மேட்டுக்கு ஏறு! ஏறு!" யாரோ கத்துகிறார்கள். பின்னால் சுவர் விழுகிறது. தொம். இன்னொரு தொம். என் இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை. என் மகள் ஜெனிபர் எங்கே? கூப்பிடுகிறேன். கூப்பிட்டபடியே ஏறுகிறேன்.

யாரும் மறக்கக்கூடாது. அதனால் சொல்கிறேன். நான் மேரி. உத்திரமேரூர்ப் பக்கம், ஏரிக்குக் கீழே எங்கள் காலனி. நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. எங்கள் தெரு அஞ்சலை பஞ்சாயத்து பிரசிடெண்டு ஆனாள். அந்தப் பதவியை எங்கள் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நிலம் வைத்திருக்கிற ஊர்த்தெருக்காரர்கள் வேறு வழியில்லாமல் விட்டார்கள். சீல் அவளிடம். ஆட்சி ஊர்த்தெரு வைஸ் பிரசிடெண்டிடம்.

ஐப்பசி மாதம். அடைமழை. ஏரி ரொம்பிவிட்டது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடத்தைக் கோடி என்போம். கோடி போனால் ஊரே கொண்டாடும். கெடா வெட்டுவார்கள். அதிர்வேட்டு போடுவார்கள். வேட்டுச் சத்தம் கேட்டதும் எங்கள் தெரு கூடையும் கொசுவலையுமாகக் கால்வாய்க்கு ஓடும். மீன் ஏறி வரும். என் அம்மா காலத்திலும் அப்படித்தான்.

இந்த முறை கோடி போகவில்லை. போக விடவில்லை. அடுத்த நெல் போகமான நவரைக்குத் தண்ணீர் போதாது என்று ஊர்த்தெருக்காரர்கள் கோடியின் மேல் மணல் மூட்டை அடுக்கினார்கள். ஏரி இன்னும் ஏறியது. கரை கசிந்தது. எங்கள் பக்கம்தான் கசிந்தது.

மூட்டையை எடுங்கள் என்றாள் அஞ்சலை. வைஸ் சிரித்தார். "இன்னாம்மே, நீ சீல் குத்தற பிரசிடெண்டு. ஏரி ஊருக்கு சொந்தம். வூட்டுக்குப் போ."

ஆபீசுக்குப் போன் போட்டாள். ஏரி யாருடையது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். இன்னொரு ஆபீஸ். பிரசிடெண்டுக்கு அந்தப் பவர் உண்டா என்று கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மழை கேட்டுக்கொண்டா பெய்யும்?

உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டை ஜெனிபருக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்தக் காலத்திலேயே ஓட்டு உண்டாம். ஏரிக்கென்று தனி வாரியம் உண்டாம். பெருமையாகச் சொன்னாள். நிலம் இருந்தால்தான் தேர்தலில் நிற்க முடியுமாம், அதையும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை. அஞ்சலை கடப்பாரையோடு கிளம்பினாள். என் கணவர் யேசுதாஸும் போனார். கோடியில் ஊர்த்தெரு ஆட்கள் தடியோடு நின்றார்கள். கல் பறந்தது. ஒரு கல் யேசுதாஸின் கண்ணில் பட்டது. மூட்டை ஒன்றுகூட அசையவில்லை.

உச்சிவெயில் வர வேண்டிய நேரம். வெயில் இல்லை. கரை சர்ரென்று பிளந்தது. போன் டவர் செத்துக் கிடந்தது. ஓடி வந்து சொல்ல நேரமில்லை. கரைமேல் கோயிலுக்குள் பூஜைக்கென்று வேட்டு தயாராக இருந்தது. காலனிக்குக் கேட்கட்டும் என்று அஞ்சலை அதைப் பற்ற வைத்தாள். டமார். டமார். டமார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

"கோடி போய்ட்ச்சி! மீனு! மீனு!" பிள்ளைகள் கத்தினார்கள். ஜெனிபர் கொசுவலையை உருவினாள். "எம்மா, புளி கரைச்சி வை!" நான் புளியை ஊறப் போட்டேன். அவர்கள் கால்வாய்க்கு ஓடினார்கள். அந்தக் கால்வாய் வழியாகத்தான் ஏரி வந்துகொண்டிருந்தது.

பிறகு கார்கள் வந்தன. விசாரணை. மூட்டை அடுக்கியது யார் என்று கேட்கவில்லை. வேட்டு போட்டது யார் என்று கேட்டார்கள். அதுவரை அஞ்சலைக்கு அதிகாரமே இல்லை. அன்றைக்கு அதிகாரத்தை மீறிவிட்டாளாம். நோட்டீஸ் கொடுத்தார்கள். இப்போது சீலும் வைஸிடம். என் வயிறு எரிகிறது. எரியட்டும்.

போனவற்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு வீடு. கட்டியிருந்த ஆடுகள் எல்லாம். யேசுதாஸின் வலது கண். அஞ்சலையின் பதவி. ஏரித் தண்ணீர் மொத்தமும். அதனால் ஊர்த்தெருக்காரர்களின் நவரையும்.

பிள்ளைகள் நான்கு பேர். குமாரி. ஸ்டீபன். ரம்யா. ஜெனிபர்.

ஜெனிபரை வேலிகாத்தான் முள்ளிலிருந்து எடுத்தோம். வலையை விடவில்லை. வலையில் மீன் இருந்தது.